அறுபது கோல் அடித்த டிக்சி டீன்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. தொழிலாளர்கள் சனிக்கிழமை பிற்பகலில் திரண்டு கண்டு களித்த விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. இரு உலகப் போர்களுக்கு இடையே இங்கிலாந்தில் புகழ்பெற்ற டிக்சி டீன் என்னும் காற்பந்து வீரரைப் பற்றி இன்று காண்போம்.

வில்லியம் ரால்ஃப் டீன் 1907ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள பர்க்கன்ஹெட் நகரில் பிறந்தார். தந்தை இரயில்வேத் தொழிலாளி. டீனும் 14 வயதில் பள்ளியை விட்டு இரயில்வே வேலைக்குச் சென்றார். பகலில் பந்தாட வேண்டும் என்பதற்காக இரவு வேலையை விரும்பிச் செய்தார். உள்ளூர்க் குழுவான டிரான்மியர் ரோவர்சில் ஆடிய அவரை, 1925 மார்ச்சில் எவர்ட்டன் குழு 3,000 பவுன் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது.

அதே ஆண்டில் ஆட்டத்தின் சட்டம் ஒன்று மாறியது. அதுவரை, முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்குப் பந்தைத் தள்ளும்போது, அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும், இல்லையேல் 'ஆப்சைட்'. 1925இல் மூவர் இருவராயினர். லீக் ஆட்டங்களில் ஓராண்டில் 4,700 ஆக இருந்த கோல்கள், மறு ஆண்டில் 6,373 ஆயின.

அப்படியானால் டீனின் சாதனை சட்டம் தந்த பரிசுதானா? இக்கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே விடை கூறுகிறது. 1926இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டை ஓடும் தாடை எலும்பும் முறிந்தன. இனி அவரால் பந்தாட இயலாது என்று மருத்துவர்கள் அஞ்சினர். தலையால் பந்தை முட்டிக் கோல் அடிப்பதே அவருடைய பெருந்திறமை. அத்தலையே உடைந்தது! ஆனாலும் சில மாதங்களில் அவர் மீண்டும் திடலில் இறங்கினார்.

1926-27இல் மிடில்ஸ்பரோ குழுவின் ஜார்ஜ் காம்செல் இரண்டாம் பிரிவில் 59 கோல்கள் அடித்திருந்தார். மறு ஆண்டு, இறுதி ஆட்டத்திற்கு முன் டீன் முதற்பிரிவில் 57 கோல்கள் அடித்திருந்தார். 1928 மே 5ஆம் நாள் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டம். டீன் இரண்டு கோல்கள் அடித்து 59ஐ எட்டினார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது, அலெக் டிரூப் மூலையிலிருந்து உதைத்த பந்தைத் தலையால் முட்டி அறுபதாவது கோலை அடித்தார். அப்போது அவருக்கு வயது 21. எவர்ட்டன் அவ்வாண்டு அடித்த 102 லீக் கோல்களில் 60 அவருடையவை.

சட்டம் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் கதவைத் திறந்தது. இங்கிலாந்து லீக்கில் அறுபது வரை சென்றவர் ஒருவரே.

இவ்வளவு அடித்தவருக்குக் கிடைத்த கூலி என்ன? அக்காலத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் ஆட்டப் பருவத்தில் வாரத்திற்கு 8 பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது விதி. அரங்கம் நிரம்பினாலும் அந்த எட்டு ஒன்பதாகவில்லை. இவ்வுச்சவரம்பு 1961இல்தான் நீங்கியது.

1930இல் எவர்ட்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1931இல் அப்பிரிவில் முதலிடம், 1932இல் முதற்பிரிவில் முதலிடம், 1933இல் எஃப்.ஏ. கிண்ணம் என மீண்டும் உயர்ந்தது. அக்கிண்ணத்தை டீன் குழுத்தலைவராகப் பெற்றார். எவர்ட்டனுக்காக 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள், இங்கிலாந்துக்காக 16 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்த அவர், 1938இல் அக்குழுவை விட்டு விலகினார். பின்னர் செஸ்டர் நகரில் மதுக்கடை நடத்திப் பிழைத்தார்.

1980 மார்ச் 1ஆம் நாள், எவர்ட்டனின் குடிசன் பார்க் அரங்கில் லிவர்பூலுடன் நடந்த ஆட்டத்தைக் காண வந்தபோது அவர் உயிர் பிரிந்தது. அறுபதாவது கோலும் அதே அரங்கில்தான் அடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரே பருவத்தில் அத்தனை லீக் கோல்களை இன்றுவரை வேறெவரும் அடித்ததில்லை. பிள்ளைகளுக்கு அந்த எண்ணிக்கையைச் சொல்லும்போது, அந்த எட்டுப் பவுனையும் சேர்த்தே சொல்வோம்.