எதிர்தரப்பை எடுத்துரைத்த தீட்சிதர்

வேலூர்க் கோட்டையின் அகழியோரம் நடந்து செல்லாத முஸ்லிம் குடும்பம் நம் வட்டாரத்தில் அரிது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களிலிருந்து வணிகத்திற்காகவும் மருத்துவத்திற்காகவும் வேலூர் வருவோர், கோட்டைக்குள்ளே கோயிலும் பள்ளிவாசலும் கிறிஸ்தவ தேவாலயமும் அருகருகே நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் திரும்புவதில்லை. திப்பு சுல்தானின் மக்கள் அங்கே வைக்கப்பட்டிருந்ததையும், 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய்களின் கிளர்ச்சியையும் நாம் அறிவோம். அவற்றுக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்திய ஒரு செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் வாழ்ந்த அப்பய்ய தீட்சிதர் என்னும் பேரறிஞரைப் பற்றியது அது.

ஆரணியை அடுத்த அடையபலம் என்னும் சிற்றூரே அவர் பிறந்த ஊர். 1520 முதல் 1593 வரை அவர் வாழ்ந்தார் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அவ்வூரில் அவர் எழுப்பிய காலகண்டேசுவரர் கோயிலின் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவர் நூறு நூல்கள் இயற்றியதையும், நாயக்கர் அவருக்குப் பொன்னால் அபிஷேகம் செய்ததையும், ஐந்நூறு மாணவர்களுக்கு அவர் பாடம் சொன்னதையும் கூறுகிறது. அவருடைய கடவுட் கொள்கை நம்முடையதன்று. அதை எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. மாற்றாரின் கருத்தை அவர் கையாண்ட விதமே நம் கவனத்தை ஈர்த்தது.

வேதாந்திகள் அனைவருக்கும் பொதுவான மூலநூல் பிரம்ம சூத்திரம். சங்கரர் கணக்கில் 555 சிறுசிறு வாக்கியங்களைக் கொண்டது. வாக்கியங்கள் மிகவும் சுருங்கியவை. ஆகவே விரிவுரையாளர் பலர் தோன்றினர். இறைவனும் உயிரும் ஒன்றே என்றார் சங்கரர். உயிர் இறைவனுக்கு உடல் போன்றது என்றார் இராமாநுசர். இரண்டும் என்றும் வேறானவையே என்றார் மத்வர். சிவனைப் பரம்பொருளாகக் கொண்டு உரை கண்டார் ஸ்ரீகண்டர். ஒரே மூலத்திலிருந்து நான்கு வழிகள்! தீட்சிதர் சைவர், அத்வைதத்தில் ஊறியவர். அத்தகையவர், ‘சதுர்மத சார சங்கிரகம்’ என்ற பெயரில் இந்நான்கு வழிகளுக்கும் நான்கு நூல்கள் எழுதினார். (‘மதம்’ என்பதற்கு இங்கே கொள்கை என்றே பொருள், நாம் மத்ஹப் என்று சொல்வதற்கு நெருங்கிய சொல்.) இராமாநுசர் வழிக்கு நயமயூகமாலிகா, மத்வர் வழிக்கு நியாயமுக்தாவலி, ஸ்ரீகண்டர் வழிக்கு நயமணிமாலா, சங்கரர் வழிக்கு நயமஞ்சரி. ஒவ்வொன்றிலும் அவ்வவ்வழியினர் சூத்திரங்களுக்குக் கொள்ளும் பொருளையே, அவர்கள் நிலையில் நின்று விளக்கிச் செல்கிறார். ‘சித்தாந்தலேச சங்கிரகம்’ என்னும் மற்றொரு நூலில், தம் அத்வைதத்திற்குள்ளேயே ஆசிரியர்கள் எங்கெங்கே வேறுபட்டனர் என்பதைத் தொகுத்து வைத்து, இன்னாரே சரி என்று தீர்ப்புக் கூறாமல் விட்டுவிடுகிறார். வைணவப் பேராசிரியரான வேதாந்த தேசிகரின் யாதவாப்யுதயம் என்னும் காவியத்திற்கு உரை எழுதியவரும் இச்சைவரே.

இவற்றைக் கொண்டு, எல்லாம் ஒன்றே என்று தலையசைத்துப் போனவர் அவர் என எண்ணிவிடலாகாது. மத்வர் கொள்கையை மறுக்க அவர் எழுதிய நூலின் பெயர் ‘மத்வதந்திர முகமர்தனம்’. அக்கொள்கையின் முகத்தை நசுக்குதல் என்பது அதன் பொருள். பெயர் நமக்கு உவப்பாயில்லை. ஆயினும், ஒரு கொள்கைக்குத் தெளிவான விளக்கம் எழுதிய கையே அதற்குக் கடுமையான மறுப்பையும் எழுதியது என்பது கருதத்தக்கது. கும்பகோணத்தில் வாழ்ந்த மத்வ மடத்துத் துறவி விஜயீந்திர தீர்த்தர் அதற்கு எதிர்மறுப்பு எழுதினார்.

இவ்விருவரையும் வைணவரான தாதாசாரியரையும் பற்றிச் செவிவழிக் கதைகள் பல. கொலை முயற்சி வரை போகின்றன சில. ஆனால் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்து 1580-ஆம் ஆண்டுச் செப்பேடு வேறு காட்சியைத் தருகிறது. மூவரும் அவர் அவையில் தத்தம் கொள்கையை நிலைநாட்டிக்கொண்டு, வேள்விச்சாலையின் முத்தீயைப் போல வீற்றிருந்தனராம். மூன்று தீயும் ஒன்றாகிவிடவில்லை. ஒன்று மற்றொன்றை அவிக்கவுமில்லை. கதைகளைவிட அக்காலத்துச் செப்பேட்டையே நாம் நம்புகிறோம்.

அதே ஆண்டுகளில் வடக்கே நடந்ததையும் இங்கு நினைவுகூரலாம். 1575-இல் அக்பர் ஃபதேபூர் சிக்ரியில் இபாதத் கானாவை அமைத்தார். வெள்ளி இரவுகளில் நம் உலமாக்கள் அங்கே கூடினர். இருக்கை வரிசையிலேயே பூசல் தொடங்கியது. பின்னர் ஒருவரையொருவர் வழிகெட்டவர் என்று ஏசும் அளவுக்கு முற்றியது. இதை எழுதி வைத்தவர் பகைவர் அல்லர். அக்கூட்டத்தில் இருந்த முல்லா அப்துல் காதிர் பதாயூனியே.

நமக்கு நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுக்க ‘தஹாஃபுத்’ எழுதினார்கள். அவர்களது கொள்கைகளை விளக்கி ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்ற தனி நூலும் இயற்றினார்கள். அந்த விளக்கம் எவ்வளவு செம்மையானது என்றால், லத்தீன் மொழிபெயர்ப்பில் அதைப் படித்த ஐரோப்பியர் பலர் இமாமவர்களையும் இப்னு ஸீனாவின் வழியினர் என்றே கருதிவிட்டனர்! விவாத ஒழுக்கத்தைக் கற்பிக்கும் ‘ரஷீதிய்யா’ நிஜாமிய்யா பாடத்திட்டத்தில் இடம்பெற்ற நூல். நம் பகுதியிலேயே, தோல் வணிகர் காகா முஹம்மது உமர் அவர்கள் 1924-இல் ஆம்பூரை அடுத்து நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாமில் ஹனஃபி, ஷாஃபிஈ, அஹ்லே ஹதீஸ் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து ஓதினர்.

இருந்தும் என்ன? சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்து ஊரொன்றில் மார்க்க விவாத மேடை ஒன்று நடந்தது. அதன் பிறகு, ஒரே தெருவில் தோல் மண்டி வைத்திருந்த மச்சினன்மார் இருவர் ஸலாம் சொல்வதையும் நிறுத்திக்கொண்டனர். இருவரும் நமக்கு வேண்டியவர்கள். மூத்தவரிடம் சென்று, “உங்கள் மச்சான் அப்படி என்னதான் சொல்கிறார்?” என்று கேட்டோம். நெடுநேரம் விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே இளையவரிடம் போய்ச் சொன்னோம். அவர் வியப்போடு நம்மைப் பார்த்து, “இப்படி நான் ஒருநாளும் சொன்னதில்லையே!” என்றார். பிறகு மூத்தவரின் கருத்து என்று தாம் நினைத்ததைச் சொல்லத் தொடங்கினார். அதையும் எடுத்துக்கொண்டு மறுபடி எதிர்க்கடைக்கு நடந்தோம்.