சாலையும் சுற்றும்

மூணாறிலிருந்து அடிமாலியை நோக்கி இறங்கும் மலைச்சாலையை அடுத்து, பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தின் அண்டையிலே அமைந்திருக்கும் சித்திரபுரத்தில் ஒரு காலைப் பொழுது நின்று, மேலும் கீழும் போகிற வண்டிகளைக் கவனிப்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். இங்கே ஒரு வளைவும் வீணாக விழுந்ததில்லை. பாறை வழிவிடாத இடத்தில் சாலை ஒதுங்கியிருக்கிறது; ஓடை குறுக்கிட்ட இடத்தில் உள்வாங்கிச் சென்று, நீர் குறுகும் பக்கமாகப் பார்த்துத் தாண்டியிருக்கிறது; சரிவு தாங்காத இடத்தில் மடிந்து மடிந்து இறங்கியிருக்கிறது. மனிதன் விரும்பியபடி போட்ட கோடு அன்று இது; மலை அனுமதித்தபடி போட்ட கோடு.

பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் சாலையைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். ஓட்டப் பந்தயமாயினும், மாட்டு வண்டிப் பந்தயமாயினும், இன்று பிள்ளைகள் திரைக்கு முன் உட்கார்ந்து ஓட்டும் மாயவண்டிப் பந்தயமாயினும், அதன் சுபாவத்தை நிர்ணயிப்பது வண்டியைக் காட்டிலும் வழியே என்பது என் அபிப்பிராயம். அந்த வழியின் சரித்திரத்தை அறிவதற்கு இந்த மலைப் பிரதேசத்தைப் போல் தக்க இடம் நம் பக்கத்தில் வேறில்லை.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றபோது, இங்கே சக்கரம் உருளக்கூடிய வழி கிடையாது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களும், போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து அத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களும் கால்நடையாகவே வந்தனர். தேயிலை விளைந்துவிட்டது, அதைக் கீழே கொண்டுபோவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று மிக விசித்திரமானது. 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போடப்பட்டது. பாரத்தின் பெரும்பகுதியை அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரங்கள் சுமக்க, வண்டி சாய்ந்து விடாதபடி பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வர, முன்னே காளைகள் இழுத்துச் சென்றன. தண்டவாளத்தின் நியமமும் மாட்டு வண்டியின் சுதந்திரமும் ஒரே அச்சில் கோக்கப்பட்டிருந்த இந்த ஏற்பாடு ஆறே ஆண்டுகள்தான் நீடித்தது; 1908-இல் இரண்டடி அகலமுள்ள குறுகிய ரயில் பாதையாக அது மாற்றப்பட்டு, நீராவி இன்ஜின்கள் மலைக்கு வந்து சேர்ந்தன. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன.

1924 ஜூலையில் பெய்த பெருமழை இவ்வளவையும் அடித்துக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்ததால் மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லும் அந்தப் பிரவாகத்தில் மூணாறு நகரம் மூழ்கியது. ரயில் பாதை மீளவே இல்லை. பூயங்குட்டி வழியாக ஆலுவாவுக்குச் சென்ற பழைய சாலையும் மலைச் சரிவில் புதைந்தது. அதற்குப் பின் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் கட்டப்பட்டு, 1935-இல் அது திறக்கப்பட்ட பிறகு, அடிமாலி, பள்ளிவாசல் வழியாக ஏறும் சாலை இந்த மலையின் பிரதான வாசலாயிற்று. 1940-இல் பள்ளிவாசலில் மின்சாரம் பிறந்தது. முதிரப்புழை ஆற்றின் நீர் குழாய்களில் செங்குத்தாக இறங்கி இயந்திரத்தைச் சுழற்றியது. சித்திரபுரத்துச் சாலைகளில் இன்று நாம் காணும் ஒவ்வொரு மடிப்பிலும் தேயிலையின் அவசரமோ, வெள்ளத்தின் பாடமோ, மின்சாரத்தின் தேவையோ ஒன்று பதிந்திருக்கிறது.

இதே மலையிலிருந்து மறுபக்கமாக, மறையூர் வழியே இறங்கினால் உடுமலைப்பேட்டை வந்துவிடும். அங்கிருந்து பொள்ளாச்சி வரையிலும், அதற்கப்பால் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் வரையிலும் பரந்துள்ள சமவெளி ரேக்ளா வண்டியின் தேசம். காங்கேயம் காளைகளைப் பூட்டி, ஓட்டுபவன் ஒருவன் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடிய இலகுவான வண்டியை, 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் என அளந்து வைத்த நேர்வழியில் பாய்ச்சுவார்கள். இந்தக் கொங்கு வழக்கத்தின் விசேஷம், ஒரு ஜோடி ஓடும்போது பக்கத்தில் இன்னொரு ஜோடி ஓடுவதில்லை என்பதே. ஒவ்வொரு வண்டியும் தனியே ஓடுகிறது, எதிராளி கடிகாரம்தான். நொடியையும் அதன் பின்னத்தையும் கணக்கிட்டு வெற்றி நிர்ணயிக்கப்படுகிறது.

மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயமோ முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்தது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று காளைகளைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் இத்தனை மைல் என்று வகுத்து, ஓர் ஊரின் எல்லையிலிருந்து புறப்பட்டு, பொதுச் சாலையிலேயே பல வண்டிகளும் ஒருசேர ஓடிக் குறித்த இடத்தில் திரும்பி வரவேண்டும். சாரதி கயிற்றைப் பிடித்திருக்க, துணைச் சாரதி குதித்து இறங்கி மாடுகளோடு ஓடி, மீண்டும் வண்டியில் தாவி ஏறுவான். சாலையின் இரு மருங்கிலும் ஊர் ஊராக ஜனங்கள் நிற்பார்கள்; ஒருவரும் பந்தயத்தை முழுமையாகப் பார்க்க முடியாது; தம் ஊரின் முன்னால் கடந்து போன சில கணங்களை வைத்துக்கொண்டு மீதியைப் பேச்சினாலேயே பூர்த்தி செய்துகொள்வார்கள். கொங்கு நாட்டில் பார்வையாளர் முழுப் பந்தயத்தையும் காண்கிறார். தென்பாண்டி நாட்டில் பந்தயமே பார்வையாளரைத் தேடி வருகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அளந்த வழியும் நெடுஞ்சாலையும் தரும் இன்பங்கள் இருவேறு வகையானவை என்பதையும், அவ்விரண்டையும் நம்மவர்கள் ஒருபோதும் குழப்பிக்கொள்ளவில்லை என்பதையும் மட்டுமே இங்கே குறிக்க விரும்புகிறேன். 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்த திருத்தமும், அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பும் இந்த வழக்கங்களின் அண்மைக் காலச் சரித்திரம்.

மோட்டார் வந்த பிறகு சுற்று வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போடப்பட்ட விமானத் தளம், யுத்தம் முடிந்தபின் ஆகாய விமானங்களுக்குத் தேவையற்றதாகிக் கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தையே பந்தய வழியாக்கிக்கொண்டது. விமானம் எழும்புவதற்காக நேராகப் போட்ட பட்டைகளை இணைத்துச் சுற்றாக்கி, பல்லாண்டு காலம் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அங்கே ஓட்டினார்கள். சென்னைவாசிகள் குடும்பத்தோடு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த ஒரு வருஷாந்தர உற்சவமாகவே சோழவரம் விளங்கியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே வகுத்த வழி திறக்கப்பட்டது.

கோயம்புத்தூரின் பங்கு தனியே சொல்லத் தக்கது. லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி காரின் சிறிய இன்ஜினைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்து, பெரும் செல்வர்கள் அல்லாத இளைஞர்களுக்கும் முறையான பந்தயத்தின் கதவைத் திறந்துவிட்டார். 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் காலமானார். 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயச் சுற்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அதே நகரத்து நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜார்டன் அணியின் சார்பில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதனைப் பற்றி இன்னும் விரிவான நூல்கள் தமிழில் வந்திருக்க வேண்டும். ஒரு தொழில் நகரத்தின் பட்டறைத் திறமையை வேகமாக மாற்றிக்காட்டியவர் அவர்.

ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதில் என்ன இன்பம் என்று அறியாதவர்கள் கேட்பதுண்டு. முதல் சுற்றில் ஒரு வளைவு அந்நியமாக இருக்கிறது, இரண்டாவதில் அறிமுகமாகிறது, பத்தாவதில் எங்கே வேகத்தைத் தணிக்க வேண்டும், எந்த ஓரத்தைத் தொட்டு எந்த ஓரத்துக்கு விலக வேண்டும் என்பது சிந்தனைக்கு எட்டுமுன் கைக்கு எட்டிவிடுகிறது. ராக ஆலாபனையில் ஒரே ஸ்வரக் கோவையைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் உள்ளறைகளைத் திறக்கும் பாடகனின் சாதகம் போன்றது அது. மனிதன் போட்ட வளைவுக்கும் காரணம் உண்டு என்பதை இங்கே கண்டுகொள்கிறோம்: ஓட்டுபவனின் திறமையை வெளிக்கொணர்வதே அந்தக் காரணம்.

இந்தப் பெரும் பந்தயங்களின் நிழலில், சிறியதொரு வண்டியும் வளர்ந்து வந்தது. நுங்கு எடுத்த பனங்காய்களைச் சக்கரமாக்கி ஓட்டிய நுங்கு வண்டியும், பழைய பேரிங்குகளைப் பலகையில் பொருத்திச் சரிவில் உருட்டிய பேரிங் வண்டியும் நம் பிள்ளைகள் தாமே செய்துகொண்டவை. கடலுக்கப்பால், 1956-இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினைச் சில குழாய்களின் மேல் பொருத்தி முதல் கார்ட் வண்டியைச் செய்தார். இன்று உலகத்தின் பெரும் பந்தய வீரர்களில் மிகப் பலர் முதலில் ஏறியது அத்தகைய வண்டியில்தான். 1992-இல் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ அதைத் திரைக்குக் கொண்டுவந்து ‘சூப்பர் மரியோ கார்ட்’ என்று வெளியிட்டபோது, எட்டு வண்டிகள் வளையமான வழியைச் சில முறை சுற்றிவருவதே விளையாட்டாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, சுற்றிவரும் அந்தச் சம்பிரதாயம் பெரும்பாலும் மாறவில்லை.

2025 ஜூன் 5 அன்று, ஸ்விட்ச் 2 என்ற புதிய கருவியோடு வெளியான ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ அதை மாற்றியது. தனித்தனியே கிடந்த சுற்றுகள் யாவும் ஒரே பூமியில், சாலைகளால் இணைத்து வைக்கப்பட்டன. வண்டிகள் 24 ஆயின. பந்தயம் இல்லாத நேரத்தில் மலை, கடற்கரை, நகரம் என்று மனம்போனபடி சுற்றித் திரியவும் வழி செய்யப்பட்டது. பழைய விளையாட்டுகளில் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பசுமாடு ஒன்று இதில் தானே வண்டியோட்டுகிறது என்பதும், விளையாடுவோர் பலருக்கும் அதுவே பிரியமான சாரதியாகிவிட்டது என்பதும் காளைகளின் தேசத்தில் வாழும் நமக்குச் சந்தோஷம் தரும் செய்தி.

விளையாடுவோரின் அபிப்பிராயம் உடனே இரண்டாகப் பிரிந்தது. இசையையும், அந்தி மாறி இரவு வருவதையும், மழை பெய்து ஓய்வதையும் எல்லோரும் கொண்டாடினர். மனஸ்தாபம் சாலையைப் பற்றியே எழுந்தது. கோப்பைக்கான பந்தயங்களில் முதலாவது மட்டும் பழைய மூன்று சுற்றாக இருக்க, அடுத்தவை முந்தைய இடத்திலிருந்து புறப்பட்டு நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓடி, புதிய இடத்தை அடைந்து ஒரே சுற்றோடு முடிந்துவிடுகின்றன. ‘அழகாக அமைத்த வளைவுகளை ஒரு முறை பார்ப்பதற்குள் பந்தயம் தீர்ந்துவிடுகிறது, இடைவழியோ அகலமாகவும் நேராகவும் வெறுமையாகவும் கிடக்கிறது’ என்பது அவர்கள் குறை. இணையத்தில் சேர்ந்து விளையாடுவோர், சுற்றுப் பந்தயம் கிடைக்க வேண்டுமென்பதற்காகவே வழியைத் தெரிவு செய்யாமல் விதியின் கையில் விட்டுவந்தனர். வெளியான மாதத்திலேயே வந்த ஒரு திருத்தம் அந்த வழியையும் அடைத்தபோது ஆட்சேபம் பலமாக எழுந்தது. அடுத்து வந்த திருத்தத்தில் சுற்றுப் பந்தயங்கள் கூடுதலாக வரும்படி நிறுவனத்தார் மாற்றிக்கொண்டனர்.

அவர்களுடைய குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நெடுஞ்சாலைப் பந்தயம் தாழ்ந்தது என்பதால் அன்று. தென்பாண்டிச் சாலைகளில் அது எவ்வளவு உயிரோட்டமுள்ளது என்பதை மேலே கண்டோம். அந்தச் சாலைக்கு ஊர்கள் உண்டு, ஜனங்கள் உண்டு, திரும்பும் எல்லை உண்டு. சித்திரபுரத்துச் சாலைக்கு மலை உண்டு. சோழவரத்தின் சுற்றுக்குத் திறமையைச் சோதிக்கும் நோக்கம் இருந்தது. கணிப்பொறியில் வரையப்பட்ட இடைவழிக்கு, ஓரிடத்தையும் மற்றோரிடத்தையும் ஒட்டவைப்பது தவிர வேறு காரணம் இல்லாதபோது, ஓட்டுபவனின் கைகள் சும்மா இருக்கின்றன. அந்தச் சும்மா இருத்தலையே அவர்கள் வெறுமை என்றார்கள்.

இதற்குச் சாட்சியாக அதே விளையாட்டிலேயே ஓர் அங்கம் இருக்கிறது. ‘நாக்அவுட் டூர்’ என்ற அந்த வகையில் 24 பேர் ஒரே நெடும்பயணமாகப் பூமியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுகிறார்கள்; குறிப்பிட்ட ஒவ்வோர் எல்லையிலும் கடைசி நால்வர் நீக்கப்பட்டு, 20, 16, 12, 8 என்று குறைந்து, இறுதியில் நால்வர் மட்டும் மிஞ்சுகின்றனர். சாலைகள் அதே சாலைகள்தாம்; அகலமும் நேர்த்தன்மையும் அப்படியே இருக்கின்றன. ஆயினும் அடுத்த எல்லைக்குள் இருபதாவது இடத்துக்குள் வந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏற்பட்டவுடன், வெறுமையாகக் கிடந்த அதே வழியில் ஒவ்வொரு முழமும் பொருளுடையதாகிவிடுகிறது. இடைவழிகளைப் பற்றிக் கடுமையாகக் குறைகூறியவர்களில் பலர், இந்த ஓர் அங்கத்துக்காகவே இவ்விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுவதாகச் சொல்கிறார்கள்.