புற்றுத் திசுவில் நோயெதிர்ப்பு அடையாளங்கள்

புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் உடலின் காப்பணுக்கள் எவை, எத்தனை, எவ்விடத்தில் நிற்கின்றன என்பதையும், அவற்றை அடக்கிவைக்கும் புரதங்கள் புற்றணுக்களின்மேல் உள்ளனவா என்பதையும் சாயமேற்றிக் கண்டு, நோயெதிர்ப்புச் சிகிச்சை யாருக்குப் பயன்படும் என்று முன்கூட்டி நிர்ணயிக்க உதவும் ஆராய்ச்சித் துறை.

ஜெர்மானிய மேதை ருடால்ஃப் விர்ஹோ 1863-ல் புற்றுத் திசுவினுள் வெள்ளணுக்கள் குழுமியிருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சி உள்ள இடத்திலேயே புற்று முளைக்கிறது என்று கருதினார். அவ்வணுக்கள் அவருக்கு நோயின் உற்பத்தியோடு சம்பந்தமுடையவையாகத் தோன்றினவேயன்றி, நோயை எதிர்க்க வந்தவையாகத் தோன்றவில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் மெக்கார்ட்டி, நிணநீரணுக்கள் கட்டியில் ஊடுருவியிருத்தல் நோயாளியின் நீண்ட ஆயுளுக்கு அறிகுறியென 1922-ல் எடுத்துக்காட்டிய பின்னரும், அவற்றை இனம் பிரித்தறியும் உபாயம் இல்லாமையால் அவ்வுண்மை நெடுங்காலம் சிகிச்சைக்கு உதவாமலே கிடந்தது. சாதாரணச் சாயத்தில் நிணநீரணுக்கள் யாவும் ஒன்றுபோன்ற கருநீலப் பொட்டுகளாகவே தெரியும். கொல்லும் அணு எது, அடக்கும் அணு எது என்று தேர்ந்த கண்ணுக்கும் புலப்படாது.

அக்குறையைத் தீர்த்தவை இரண்டு சாதனைகள். 1941-ல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஓரச்சில் வார்த்தாற்போன்ற எதிர்ப்பொருள்களை வேண்டுமளவு உண்டாக்கும் வழியைக் கண்டனர். ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுவை, மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு கனத்தில் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சி.டி.8 என்னும் புரதத்தை நாடும் எதிர்ப்பொருளை இட்டுச் சாயமேற்றினால், இளநீலப் பரப்பில் கொல்லும் அணுக்கள் பழுப்பு வளையங்களாய்த் தனித்தெழும். ஒரு தகட்டில் அவை புற்றணுக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து நிற்கும். மற்றொன்றில், வரப்பில் தடைபட்ட நீர்போலக் கட்டியின் விளிம்பிலேயே தேங்கி நிற்கும். வேறொன்றிலோ தேடினும் அகப்படா.

இந்த இடவேறுபாட்டின் மகத்துவத்தை நிலைநாட்டிய பெருமை பாரிஸ் நகரத்து ஜெரோம் காலோன் குழுவினருடையது. பெருங்குடற் புற்றில் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள காப்பணுக்களின் வகையும் அடர்த்தியும், புற்றின் பரவலைக்கொண்டு செய்யும் வழக்கமான படிநிலைப் பகுப்பைவிட நோயின் கதியைத் தெளிவாக உணர்த்தும் என்று அவர்கள் 2006-ல் வெளியிட்டனர். சி.டி.3, சி.டி.8 ஆகிய இரு புரதங்களைத் தாங்கிய காப்பணுக்களை இவ்வாறு அளந்து பெறும் 'இம்யூனோஸ்கோர்' மதிப்பெண், 2018-ல் 2,681 நோயாளிகளின் திசுக்களைக் கொண்ட சர்வதேச ஆய்வில் உறுதிப்பட்டது. ஆகவே, படிநிலையை மட்டும் நம்பிப் பெருங்குடற் புற்றை மதிப்பிடுவது இனி நிறைவான மதிப்பீடாகாது.

ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம் 1992-ல் வெளியிட்ட பி.டி.1 என்னும் புரதம் காப்பணுவின் வேகத்தை அடக்குவது. அதனோடு இணையும் பி.டி.எல்.1 புற்றணுவின்மேல் மிகுந்திருந்தால் காப்பணு செயலற்றுப்போகும். இத்தகைய அடக்குதலை நீக்கிப் புற்றுக்குச் சிகிச்சை செய்யும் வழியைக் கண்டதற்காக ஹோன்ஜோவுக்கும் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. நுரையீரற் புற்றின் ஒரு வகையில் புற்றணுக்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பி.டி.எல்.1 காட்டினால், அவ்விணைப்பைத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தொடக்கத்திலேயே தனித்து வழங்கலாம். மரபுப் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் குன்றிய புற்றுகளுக்கு, உறுப்பு எதுவாயினும், இம்மருந்தை அமெரிக்க அரசு 2017-ல் அனுமதித்தது. பி.டி.எல்.1 சோதனையிலோ, பல நிறுவனங்களின் சாயங்கள் ஒரே திசுவில் ஒரே அளவைக் காட்டுவதில்லை.

மருத்துவமனையார் 'பிளாக்' என்று வழங்கும் மெழுகுப் பாளமே இச்சோதனைகளுக்கெல்லாம் மூலப்பொருள். மூன்றாண்டுக்கு மேற்பட்ட பாளத்தில் பி.டி.எல்.1 சாயம் மங்கக்கூடும். ஆதலால் நோயாளியின் குடும்பத்தார் வேறு மருத்துவரை நாடும்போது அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், பாளத்தையும் கேட்டுப் பெற்று உடன் கொண்டுசெல்ல வேண்டும்.