மடக்கு ட்ரோன்: சந்தையிலிருந்து போர்முனைக்கு

விமானி இன்றித் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு வானூர்தியான ட்ரோன், 2016இல் சீனாவின் டிஜேஐ நிறுவனம் கைகளை மடித்துப் பைக்குள் வைக்கத்தக்க மாவிக் புரோவை வெளியிட்டபின், படப்பிடிப்பாளர்களின் அன்றாடக் கருவியாயிற்று. 2022இல் மூண்ட உக்ரைன் போரில் இருதரப்பினரும் அதே வகைக் கருவியைக் கொண்டு எதிரியின் நிலைகளை உளவு பார்த்தனர்; பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தைக் கண்டு குறியைத் திருத்தினர்; எறிகுண்டை விடுவிக்கும் கொக்கியைப் பொருத்தித் தாக்கவும் செய்தனர்.

இந்தியா 2021 ஆகஸ்டில் வகுத்த ட்ரோன் விதிகள் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ என ட்ரோன்களை எடைப்படி பிரித்தன. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு அளிக்கப்பட்டதோடு, உதிரிபாகங்களின் வரவும் தடுக்கப்படவில்லை. ஆகவே உள்நாட்டில் ஒருங்கிணைக்கப்பட்ட கருவிகளிலும் சீனப் பாகங்கள் இடம்பெற்றன. அவற்றின் வழியே தகவல் கசியலாம் என்னும் ஐயத்தால், 2025இல் தரைப்படைக்கான 400 சரக்கு ட்ரோன்களின் ஒப்பந்தங்கள் ரத்தாயின.

2019இல் தொடங்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் சேலமும் அடங்கும். சீனப் பாகங்களைத் தவிர்க்க, ட்ரோனின் மோட்டாரையும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையையும் உள்நாட்டிலேயே செய்வது இத்தகைய மையங்களின் முன்னுள்ள பணிகளில் ஒன்று.