நிலம் கொண்ட கடல்

கடல்கோள் என்ற சொல்லைத் தமிழ் படிக்கும் மாணவர் முதலாண்டிலேயே அறிந்துகொள்கிறார். இறையனார் களவியல் உரை சொல்லும் முச்சங்க வரலாற்றில் கடல் நிலத்தைக் கொள்கிறது. நிலம் கடலைக் கொண்ட வரலாறு ஒன்றும் உண்டு. அது நிகழ்ந்த இடம், கடற்காற்றே அறியாத நமது சேலம் நாமக்கல் சமவெளி. அதைப் படிக்கச் சுவடி உதவாது, அதிர்வலைகள் வேண்டியிருந்தன.

நிலத்தை அதிரவைத்து அதன் இயல்பை அறியும் முயற்சி 1849இல் அயர்லாந்தின் கில்லினி விரிகுடாக் கரையில் தொடங்கியது. இராபர்ட் மாலெட் மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்தார்; தொலைவில் ஒரு கிண்ணத்துப் பாதரசம் நடுங்கும் நேரத்தைக் கணக்கிட்டார். மணலில் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் சென்றது. கருங்கல்லில் அதைப் போல் இரு மடங்கு. ஊடகம் மாறினால் வேகம் மாறும் என்பதே இக்கலையின் அரிச்சுவடி.

1935இல் மாரிஸ் யூயிங் இம்முறையை அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் கடலுக்குள் கொண்டுசென்றார். 1947இல் ஷோல்டே என்ற டச்சு அறிஞர், நீரும் திடப்பொருளும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே ஓடும் அலையைக் கணிதத்தால் விளக்கினார். குறுக்கலை நீரில் செல்லாது. ஆனால் கடற்தரையை ஒட்டி ஓடும் இந்த அலையின் வேகம், கீழுள்ள படிவில் குறுக்கலை செல்லும் வேகத்தை நெருங்கியிருக்கும். ஆகவே சேற்றைத் தோண்டாமலே அதன் விறைப்பை அறிய முடிந்தது.

இதே கலையின் தரைவழிக் கிளை நம்மூருக்கும் வந்தது. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், குப்பம் முதல் பழனி வரை துளைகளில் வெடி வைத்து அதிர்வுகளைப் பதிவுசெய்தது. கொளத்தூரும் குமாரபாளையமும் அப்பாதையில் அமைந்த ஊர்கள். ஆய்வுத் தொகுதி 2003இல் வெளிவந்தது. புவியோட்டின் அடிப்பகுதி 40 கிலோமீட்டருக்கும் கீழே இருப்பது தெரிந்தது. ஆழத்துப் பாறை அடுக்குகள் எதிரெதிர்த் திசைகளில் சரிந்திருந்தன. இரு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தழும்பு அது என்று 2006இல் வெளியான கட்டுரை ஒன்று வாசித்தது.

ஒட்டுவதற்கு முன் இடையில் இருந்தது கடல். நாமக்கல் வட்டாரத்துத் தேவனூர்ப் பாறைகள் பழங்கடற்தரையின் எச்சங்கள் என 2012இல் ஆய்வாளர் எழுதினர். கஞ்சமலையின் வரியிட்ட இரும்புக்கல்லும் கடலடியில் படிந்த படிவே. வெப்பமும் அழுத்தமும் அதை உருமாற்றின. கடல் மூடியது 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பா, 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. சங்க காலத்தைக் கணிப்பதில் நமக்குள்ள பூசல் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே ஒவ்வொரு தரப்பும் ஒரு கல்லையோ அலையையோ சான்றாக முன்வைத்தாக வேண்டும்.

கடல் கொண்ட நிலத்துக்காக நெடுங்காலம் ஏங்கியிருக்கிறோம். நிலம் கொண்ட கடலோ காலடியில் கிடக்கிறது. கஞ்சமலையை வெறும் இரும்பாகக் கண்டு வெட்டினால், மறுபடி இல்லாத ஒரு சுவடியை உருக்கியவர்களாவோம்.