லூர்துச் சிறுமியின் வாய்மொழி

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கே, பிரனீசு மலையடிவாரத்து லூர்து நகரில், 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை கன்னி மரியாள் காட்சியளித்தாள் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. கண்டவள் தொழில் நொடித்த ஆலைக்காரர் ஒருவரின் மகள் பெர்னதெத் சூபிரு. அப்போது பதினான்கு வயதினள். காட்சி மெய்யோ பொய்யோ எனத் தீர்த்துரைத்தல் வரலாற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வரலாற்றுக்கு எட்டுவது அச்சிறுமியின் சான்று ஒன்றே. ஆதலின், அவள் கூறிய சொற்கள் யாவை என்பதனையே ஈண்டு ஆராய்கின்றோம்.

பெர்னதெத் பேசியது பிரெஞ்சு அன்று. பிகோர் வட்டாரத்துக் கஸ்கோன் மொழி. எழுத்தறிவும் அவளுக்கு அன்று இல்லை. அவளை உசாவியவர்களோ பிரெஞ்சில் எழுதினர். பிப்ரவரி 21இல் காவல் ஆணையர் ஜாக்கொமே தாம் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, தன் கூற்று அதில் மாற்றப்பட்டிருத்தலை அவள் அவ்விடத்திலேயே மறுத்தாள். கல்லாச் சிறுமி அதிகாரியின் ஏட்டைத் திருத்த முற்பட்ட இச்செய்தியைச் சிறப்பாகக் கருதுகின்றோம்.

தான் கண்டதனை அவள் 'அக்கெரோ' என்றே சுட்டினாள். 'அது' என்னும் பொருளுடைய அஃறிணைச் சுட்டு அது. மசபியேல் கெபியில் தோன்றிய வடிவம் இளம்பெண்ணினது என அவளே விளக்கினாள். எனினும் 'அவள்' என்றிலள். மரியாளைக் கண்டாயோ என ஆணையர் வினவ, தான் அங்ஙனம் கூறவில்லை என்று விடையிறுத்தாள். திணை ஐயம் நேர்ந்துழி 'உரு' என்னும் சொல்லாற் கூறலாம் என்ற தொல்காப்பிய நெறி தமிழ் கற்றார்க்கு நினைவில் எழும். இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. துணியாததைத் துணிந்ததுபோலக் கூறாமை மட்டுமே பொது. ஊரார் பலர் துணிந்துவிட்டனர், கண்டவள் துணியவில்லை.

1861 மே 28இல் பெர்னதெத் தன் கையால் பிரெஞ்சில் எழுதிய குறிப்பிலோ, வெள்ளுடை அணிந்த 'பெருமாட்டி'யைக் காண்கின்றோம். மொழி மாறியது, திணையும் மாறிற்று. 1869இல் ஆன்றி லாசேர் இயற்றிய நூல் பெரும் புகழ் பெற்றதெனினும், அதன் இலக்கிய நடையில் அச்சிறுமியின் குரலைத் தேடுதல் வீண். 1957 முதல் ரெனே லோரன்தேன் மூல ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே ஆராய்ச்சிக்கு உறுதியான நிலம் கிட்டியது.

மார்ச் 25இல் அவ்வுரு தன் பெயரைத் தெரிவித்ததாக அவள் கூறிய தொடர், 'கே சொய் எரா இம்மாகுலாதா கவுன்செப்சியு' என்பது. மறந்துவிடாதபடி வழியெல்லாம் அதனைச் சொல்லிக்கொண்டே சென்று பங்குக்குரு பெய்ரமாலிடம் அறிவித்தாள். பொருள் அவளுக்கு விளங்கவில்லை. 'பாவ மாசின்றிக் கருவுற்று உதித்தவள் நான்' என்று அத்தொடர் கூறவில்லை. 'மாசற்ற உற்பவம் நான்' என்கின்றது. பெண்ணொருத்திக்குத் தொழிற்பெயரே பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் 'அமல உற்பவி' என வழங்கும்போது இவ்வியப்பு மறைந்துவிடுகின்றது. விகுதி இலக்கணத்தைச் சீர்செய்துவிட்டது.

அக்கோட்பாட்டை 9ஆம் பத்திநாதர் 1854இலேயே விசுவாச சத்தியமாக அறிவித்திருந்தார். ஆகவே கோயிலில் அரைகுறையாகச் செவியுற்றதை அவள் ஒப்பித்தாள் என்பர் மறுப்போர். கற்பனை செய்யும் திறமில்லாதவள் அதனைப் படைத்திருக்க முடியாது என்பர் ஏற்போர். தொடரின் பிழைபட்ட வடிவம் இரு சாராருக்கும் துணைபோகும். கற்றோர் எவரும் அதனைத் திருத்தாமல் நம்மிடம் சேர்த்தனர் என்பதே அதனால் நாம் உறுதியாகக் கொள்ளத்தக்கது. தார்ப் மறைமாவட்ட ஆயர் லோரன்சு 1862 ஜனவரி 18இல் காட்சிகளை ஏற்று அறிக்கை விடுத்தார். 1879இல் நெவேர் கன்னியர் மடத்தில் இறந்த பெர்னதெத், 1933 டிசம்பர் 8இல் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

1864இல் கெபியில் நிறுவப்பெற்ற சிலையைச் செதுக்கியவர் சிற்பி ஃபாபிஷ். அதன் அடியில் அக்கஸ்கோன் தொடரே பொறிக்கப்பட்டுள்ளது. சிலையைக் கண்ட பெர்னதெத், தான் கண்டது அது அன்று என்றாள்.