ஜாக்கியும் ஸ்டாண்டும்: கார் தூக்கும் கருவிகளின் வரலாறு

ஜாக்கி என்பது ஒரு மனிதனின் கைவலுவைக் கொண்டு பெரும் எடையைச் சிறிது உயரத்துக்குத் தூக்கும் கருவி. ஜாக்கி ஸ்டாண்டு என்பது அப்படித் தூக்கிய எடையை அதே உயரத்தில் தாங்கி நிற்கும் இரும்புக் கால். வீட்டிலேயே காரைப் பழுதுபார்ப்பவர்களில் பலர் ஜாக்கியை வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூக்கிய கருவியே தாங்கவும் செய்யும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் தூக்குவதும் தாங்குவதும் ஒரே வேலை அல்ல. தூக்கும் வேலை எளிதாக எளிதாக, தாங்கும் வேலைக்குத் தனி ஏற்பாடு கட்டாயமானது என்பதை இக்கருவிகளின் வரலாறு காட்டுகிறது.

ஆங்கிலத்தில் 'ஜாக்' என்பது சாதாரண ஆண்பெயர். வேலைக்காரப் பையன்களைப் பொதுவாக அழைக்கும் பெயராகவும் அது இருந்தது. பிறகு, உதவிக்கு நிற்கும் பையனின் வேலையைச் செய்த பல கருவிகளுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவே தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் 'ஜாக்கி' ஆயிற்று.

திருகின் காலம்

பிரான்சைச் சேர்ந்த வில்லார் தெ ஓன்கூர் 13ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியக் குறிப்பேட்டில், பெரிய திருகு ஒன்றால் எடை தூக்கும் பொறி இடம்பெற்றுள்ளது. திருகு ஜாக்கியின் அடிப்படை அன்று முதல் இன்று வரை மாறவில்லை. நீண்ட கைப்பிடியைச் சுற்றினால் திருகு மெல்ல மேலேறும். ஒரு முழுச் சுற்றுக்குச் சில மில்லிமீட்டர்தான் எழும் என்பதால் வேலை மெதுவாகவே நடக்கும். ஆனால் அதன் பெரும் நன்மையும் அந்த மெதுவில்தான் இருக்கிறது. புரிகளின் சாய்வு மிகக் குறைவாக இருப்பதால், உராய்வே திருகைப் பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியை விட்டுவிட்டாலும் எடை தானாகத் திருகைச் சுழற்றிக்கொண்டு இறங்குவதில்லை.

இக்கருவியின் உச்சகட்டச் சாதனை கார்களுக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிகாகோ நகரம் சேற்றில் சிக்கித் தவித்தது. ஏரிக்கரையின் தாழ்ந்த நிலத்தில் கழிவுநீர் வடிய வழியில்லை. சாலைகளை உயர்த்தி அடியில் குழாய் பதிப்பது என்று நகரம் முடிவுசெய்தபோது, ஏற்கெனவே கட்டிய கட்டடங்களையும் உயர்த்த வேண்டியதாயிற்று. 1860ஆம் ஆண்டு லேக் தெருவில் ஒரு கட்டட வரிசையை ஏறத்தாழ 6,000 திருகு ஜாக்கிகளைக் கொண்டு 600 பேர் ஐந்து நாட்களில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினர். குறிப்பொலி கேட்டதும் ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலிருந்த ஜாக்கிகளைச் சிறிது திருகுவார்கள். மேலே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். கட்டடம் எழ எழ அடியில் மரக்கட்டைகள் அடுக்கப்பட்டன. இறுதியில் புதிய அடித்தளச் சுவர் எழுப்பப்பட்டு, ஜாக்கிகள் வெளியே எடுக்கப்பட்டன. சாலை மட்டம் உயர்ந்து மழைநீர் உள்ளே வரும் வீடுகளைச் சென்னையில் இன்று ஜாக்கி வைத்து உயர்த்துவதும் இதே முறைதான், இதே காரணத்துக்காகத்தான்.

தானே பிடித்துக்கொள்ளும் திருகு ஜாக்கிகளைக்கூட அவர்கள் முழுதாக நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜாக்கி தூக்கியது. மரக்கட்டையும் சுவரும் தாங்கின.

நீர் தூக்கியபோது

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பிளேஸ் பாஸ்கலின் கண்டுபிடிப்பு. அவர் மறைந்த பின் 1663இல் வெளியான நூலில் இது விளக்கப்பட்டது. 1 சதுர செ.மீ. பரப்புள்ள சிறிய உந்துதண்டை அழுத்தினால், 20 சதுர செ.மீ. பரப்புள்ள பெரிய உந்துதண்டு 20 மடங்கு விசையோடு எழும். ஆனால் சிறியது 20 செ.மீ. இறங்கினால்தான் பெரியது 1 செ.மீ. ஏறும்.

இதை இயந்திரமாக்கி, 1795இல் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. அவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது கசிவு. உந்துதண்டைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் அது நகராது, தளர்த்தினால் நீர் பீய்ச்சியடிக்கும். அழுத்தம் கூடும்போது தானாகவே விரிந்து இறுகும் கிண்ண வடிவத் தோல் வளையம் இதைத் தீர்த்தது. இந்த யோசனை பிராமாவிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லேயுடையது என்று பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித் பதிவுசெய்துள்ளார். இன்றைய ஜாக்கிகளில் தோலுக்குப் பதில் ரப்பர் 'சீல்' இருக்கிறது. டன் கணக்கான எடைக்கும் தரைக்கும் இடையே நிற்பது அந்த மெல்லிய வளையமும் ஒரு சிறிய வால்வும்தான். திருகைப் போல உராய்வு இங்கே துணைக்கு வராது.

இதன் விளைவு 1849இல் வேல்ஸில் தெரிந்தது. மெனாய் நீரிணையின் குறுக்கே ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் எடையுள்ள நீண்ட இரும்புக் குழாய்களைக் கரையில் செய்து, மிதவையில் கொண்டுவந்து, கோபுரங்களின் மேல் பொருத்திய நீரழுத்தப் பொறிகளால் சுமார் 100 அடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். குழாய் உயர உயர, அதன் அடியில் இடைவெளி விடாமல் கட்டிக்கொண்டே வர வேண்டும் என்பது ஸ்டீபன்சனின் கண்டிப்பான கட்டளை. அதனால் வேலை தாமதமாகும் என்று தெரிந்தும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் பொறியின் உருளை அடிப்பாகத்தில் உடைந்தது. குழாய் ஓர் அடிக்கும் குறைவான தொலைவே விழுந்து, அடியில் கட்டப்பட்டிருந்த தாங்கலின் மேல் அமர்ந்தது. அந்தச் சில அங்குல வீழ்ச்சியே டன் கணக்கான இரும்பு வார்ப்புகளை நொறுக்கிவிட்டது. தாங்கல் இல்லாதிருந்தால் குழாய் கடலடிக்குப் போயிருக்கும். களப் பொறியாளர் எட்வின் கிளார்க், ஸ்டீபன்சனின் பிடிவாதத்துக்கு நன்றி சொன்னார்.

எண்ணெய்த் தொட்டி, பம்பு, உந்துதண்டு மூன்றையும் ஒரே உடலில் அடக்கி, தூக்கிச் செல்லத்தக்க நீரழுத்தக் கருவிக்கு 1851இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர் ரிச்சர்டு டட்ஜன். இன்றைய பாட்டில் ஜாக்கியின் முன்னோடி இதுவே. நீராவியால் தானே ஓடும் வண்டி ஒன்றையும் அவர் செய்தார். ஆக, காரைத் தூக்கும் கருவிக்கு வழிவகுத்தவர், காரின் மூதாதை ஒன்றையும் செய்திருக்கிறார்.

கார்களின் அடியில்

20ஆம் நூற்றாண்டில் கார்கள் பெருகியபோது, மெக்கானிக்குகள் முதலில் பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தனர். 1925இல் மெம்பிஸ் நகரின் பீட்டர் லுனாட்டி, சலூன் நாற்காலி உயர்வதைப் பார்த்துக் காரை முழுதாகத் தூக்கும் லிஃப்டை உருவாக்கினார். பெரிய கராஜ்கள் அதற்கு மாறின. வீட்டில் வேலை செய்பவருக்குக் கிடைத்தது சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கி.

இதன் கை நேராக மேலே எழுவதில்லை, வில் போல வளைந்து எழுகிறது. ஆகவே கார் உயரும்போது ஜாக்கி தன் சக்கரங்களில் சற்று உருண்டு நகர்ந்தாக வேண்டும். மண்ணிலோ சரளையிலோ சக்கரம் புதைந்தால் ஜாக்கி நகராது. அதற்குப் பதில் கார் நகரும், அல்லது ஜாக்கியின் தலை வழுக்கும். சமதளமான, கெட்டியான தரை வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதனால்தான்.

காரோடு வரும் கத்திரி வடிவ ஜாக்கி திருகு வகையைச் சேர்ந்தது. அது தானாக இறங்காது, ஆனால் அதன் பாதம் குறுகலானது, பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். ஸ்டெப்னி மாற்றும் பத்து நிமிட வேலைக்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு காருக்கு அடியில் போகக் கூடாது.

ட்ராலி ஜாக்கி வாங்கும்போது காரின் எடையை முதலில் பார்க்க வேண்டும். சிறிய கார்களுக்கு 2 டன் ஜாக்கி தாராளம். 2,000 கிலோவை நெருங்கும் பெரிய வண்டிகளுக்கு 3 டன் நல்லது. ஒரு முனையை மட்டுமே தூக்குகிறோம் என்பதால் முழு எடையும் அதன் மேல் வராது. ஆயினும் எஞ்சின் இருக்கும் முன்பக்கம் பாதிக்கு மேல் கனக்கும். டன் கணக்கைவிடப் பலர் கவனிக்கத் தவறுவது உயரத்தை. ஜாக்கியின் தலை காருக்கு அடியில் நுழையும் அளவுக்குத் தாழ்ந்ததா, ஸ்டாண்டு வைக்கும் அளவுக்கு உயருமா என்று இரண்டையும் அளந்து பார்த்தே வாங்க வேண்டும். ஸ்டாண்டுகளில் எழுதியிருக்கும் டன் அளவு ஒன்றுக்கா, இணைக்கா என்பதையும் லேபிளில் படிப்பது அவசியம்.

வேலை தொடங்கும் முன் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. சக்கர நட்டுகளைத் தூக்கும் முன்பே சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது, உயரத்தில் நிற்கும் காரை ஸ்பானரால் உலுக்க வேண்டியிராது. ஜாக்கியை எங்கே வைப்பது என்பதைக் காரின் கையேடு படத்தோடு காட்டும். எண்ணெய்த் தொட்டியின் அடியிலோ மெல்லிய தரைத் தகட்டிலோ வைத்தால் அவை நசுங்கும். ஸ்டாண்டுகளை வைத்தபின் ஜாக்கியை மெல்ல இறக்கி, எடையை அவற்றின் மேல் அமர்த்தி, வெளியிலிருந்தே காரைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் போக வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைப்பது மெக்கானிக்குகளின் நல்ல பழக்கம். ஸ்டாண்டுக்குப் பதில் சிமெண்டு ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ வைப்பது மிகவும் ஆபத்தானது. பரவலான எடையைத் தாங்கும் அவை, ஒரு புள்ளியில் எடை இறங்கும்போது முன்னறிவிப்பின்றி வெடித்து உடையும்.

அமெரிக்கத் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளும், ஜாக்கியால் தூக்கிய சுமைக்கு உடனே அண்டை கொடுக்க வேண்டும் என்கின்றன. ஸ்டீபன்சனின் கட்டளைதான் அது, சட்டமொழியில்.

ஸ்டாண்டும் தவறும்போது

ஸ்டாண்டு எளிய பொருள். நான்கு கால், நடுவில் ஏறி இறங்கும் தண்டு, அதைப் பிடித்து நிறுத்த ஒரு வழி. சிலவற்றில் துளைக்குள் செருகும் தடித்த பின் இருக்கும். மற்றவற்றில் தண்டின் பக்கவாட்டில் பற்கள் வெட்டப்பட்டு, ஒரு கொக்கி அவற்றில் விழுந்து பூட்டிக்கொள்ளும். பல் வகையில் உயரம் மாற்றுவது விரைவு. ஆனால் கொக்கி பல்லுக்குள் முழு ஆழத்துக்கு இறங்கியதா என்பதே எல்லாம்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எண்ணிக்கை சுமார் 17 லட்சம். தேய்ந்துபோன வார்ப்புக் கருவிகளால் செய்யப்பட்டவற்றில் சில கொக்கிகள் பல்லுக்குள் போதிய ஆழம் இறங்கவில்லை. எடையோடு நிற்கும்போது தண்டு அசைந்தால் அவை விடுபட்டுக் கார் விழக்கூடும். அவற்றுக்கு மாற்றாகக் கிடைத்த 3 டன் ஸ்டாண்டுகளில் சிலவும் வெல்டிங் குறைபாட்டால் சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டன. இன்று பல் வகை ஸ்டாண்டுகள் பலவற்றில் கொக்கிக்குத் துணையாக ஒரு பூட்டுப் பின்னும் சங்கிலியில் தொங்குகிறது. உயரம் சரிசெய்து, கைப்பிடி முழுவதும் கீழே இறங்கியதை உறுதிசெய்த பின், அந்தப் பின்னையும் துளையில் செருகிவிட வேண்டும்.